லைவ் ஓடும்போது ரெக்கார்டிங் வந்து ட்யூனரைப் பிடுங்குகிறது: 2 ட்யூனரை எப்படிப் பங்கு போடுவது?

#1 தேம்ஸ்கரை

எல்லோருக்கும் வணக்கம். லண்டன், ஃப்ரீவியூ (இங்கத்தைய இலவச டிவி ஒளிபரப்பு) அன்டெனா. ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினியில் டிவிபி-டி2 (அன்டெனா டிவியின் புதிய தரம்) யூஎஸ்பி ரியூனர், அதாவது ஒளிபரப்பைப் பிடிக்கிற கருவி, 2 செருகியிருக்கு. ரெக்கோர்டிங் மென்பொருள் டிவிஹெட்எண்ட் 4.3, பார்க்கிறதுக்குக் கோடி (Kodi) என்ற செயலி பாவிக்கிறேன்.

இரவு 8 மணிக்கு ஒரு ரெக்கோர்டிங், 9 மணிக்கு இன்னொன்று. ஒன்று முடியத்தான் மற்றது தொடங்குது. அப்ப ஒரு ரியூனர் ரெக்கோர்டிங்குக்கு, மற்றது லைவுக்கு என்று தாராளமாகக் காணுமே. ஆனால் 9 மணிக்குச் சற்று முன்னதாகவே லைவ் அறுந்துபோகுது. லொக்கில் "சப்ஸ்கிரிப்ஷன் ஓவர்ரிடன்" என்று இருக்கு. வேறு சேனல் போட்டால் "நோ ஃப்ரீ அடாப்டர்". ஆனால் எல்லாச் சேனலுக்கும் அப்படி வரேல்லை, சிலது வேலை செய்யுது. ஏழெட்டு நிமிடம் கழிய எல்லாம் பழையபடி சரி.

பேடிங் (நிகழ்ச்சிக்கு முன்பின் கூடுதலாகப் பதியிற நேரம்) முன்னுக்கு 2 நிமிடம், பின்னுக்கு 5 நிமிடம். மூன்றாவது ரியூனர் வாங்கத்தான் வேணுமா?

#2 அலைவரிசை

இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது.

முதல் ரெக்கார்டிங் 9 மணிக்கு முடியவில்லை, பின் பேடிங் 5 நிமிடத்தால் 9:05-க்குத்தான் முடிகிறது. இரண்டாவது 9 மணிக்குத் தொடங்கவில்லை, முன் பேடிங்கால் 8:58-க்குத் தொடங்குகிறது. அதற்கும் முன்னால் டிவிஹெட்எண்ட் ட்யூனரைத் தயார் செய்ய "வார்ம்-அப் டைம்" என்று 30 விநாடி எடுத்துக்கொள்ளும். ஆகவே 8:57:30 முதல் 9:05 வரை, ஏழரை நிமிடம், இரண்டு ட்யூனரும் ரெக்கார்டிங் கையில். உங்கள் லைவ் அறுபடுவது அந்த நேரத்தில்தான்.

எல்லாச் சேனலும் ஏன் போகவில்லை? ட்யூனர் பிடிப்பது சேனலை அல்ல, மக்ஸை. ஒரே அலைவரிசையில் பல சேனல்கள் ஒரு மூட்டையாக வருகின்றன, அந்த மூட்டைதான் மக்ஸ். ட்யூனர் ஒரு மக்ஸில் நின்றுவிட்டால், அதற்குள் இருக்கும் எத்தனை சேனலையும் அதே ட்யூனரிலிருந்து பிரித்தெடுக்கலாம். நான்கு ரெக்கார்டிங்கும் இரண்டு லைவும் ஒரே மக்ஸில் என்றால் ஒரு ட்யூனர் போதும்.

ஃப்ரீவியூவில் முக்கியமாக ஆறு மக்ஸ்.

பிஎஸ்பி1: பிபிசியின் எஸ்டி சேனல்கள். பழைய தரமான டிவிபி-டி, விநாடிக்கு 24.1 மெகாபிட்.
பிஎஸ்பி2: ஐடிவி1, சேனல் 4, சேனல் 5 ஆகியவற்றின் எஸ்டி வடிவம். இதுவும் 24.1.
பிஎஸ்பி3: பிபிசி ஒன் எச்டி, பிபிசி டூ எச்டி, ஐடிவி1 எச்டி, சேனல் 4 எச்டி. டிவிபி-டி2, 40.2 மெகாபிட்.
காம்4, காம்5, காம்6: மற்ற வணிகச் சேனல்கள். தலா 27.1.

கவனியுங்கள், பெரிய எச்டி சேனல்கள் எல்லாம் பிஎஸ்பி3 என்ற ஒரே மூட்டைக்குள். உங்கள் இரண்டு ரெக்கார்டிங்கும் அதிலிருந்தே வந்தால் மோதலே கிடையாது. எந்தெந்தச் சேனல் என்று சொல்லுங்கள்.

#3 தேம்ஸ்கரை

8 மணி: காம்4-இல் இருக்கிற ஒரு சேனல். 9 மணி: பிபிசி ஒன், எஸ்டி. அந்த நேரம் லைவில் ஓடுறது அநேகமாக ஐடிவி1 எச்டி.

#4 அலைவரிசை

அப்படியென்றால் 8:57:30-க்கு உங்களுக்கு காம்4, பிஎஸ்பி1, பிஎஸ்பி3 என மூன்று மக்ஸ் தேவை. ட்யூனர் இரண்டு. ஒருவர் வெளியேற வேண்டும்.

முதல் வைத்தியம் காசில்லாதது. 9 மணி ரெக்கார்டிங்கை பிபிசி ஒன் எஸ்டியிலிருந்து பிபிசி ஒன் எச்டிக்கு மாற்றுங்கள். அது பிஎஸ்பி3. லைவும் பிஎஸ்பி3. காம்4-க்கு ஒரு ட்யூனர், பிஎஸ்பி3-க்கு ஒரு ட்யூனர், முடிந்தது. எச்டி என்பதால் இடம் கூட எடுக்கும். கணக்கு சுலபம்: மெகாபிட்டை 0.45-ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜிபி என்று வரும். 3 மெகாபிட் எஸ்டி என்றால் 1.35 ஜிபி, 6 மெகாபிட் எச்டி என்றால் 2.7 ஜிபி.

எல்லா ரெக்கார்டிங்குக்கும் இந்தக் கண்ணோட்டம் வேண்டும். "எத்தனை நிகழ்ச்சி ஒன்றோடொன்று மோதுகிறது" என்று எண்ணாதீர்கள், "அந்த நிமிடத்தில் எத்தனை மக்ஸ்" என்று எண்ணுங்கள். டிவிஹெட்எண்ட் மோதலை முன்கூட்டியே சொல்லாது. ரெக்கார்டிங் தொடங்கும் நொடியில்தான் ட்யூனர் தேடும். ஆகவே "அப்கமிங்" பட்டியலைத் தொடக்க நேரப்படி அடுக்கி, எந்தச் சேனல் எந்த மக்ஸ் என்று "சர்வீசஸ்" டேபில் பார்த்து, நீங்கள்தான் கணக்குப் போட வேண்டும். அதைச் சலித்துக்கொள்ளாமல் ஒருமுறை ஒரு தாளில் எழுதி வையுங்கள். சேனல்கள் மக்ஸ் மாறுவது அடிக்கடி நடப்பதல்ல.

#5 குறிஞ்சி

அலைவரிசை சொன்னதோடு ஒன்று. ஒரே சேனலுக்கு எஸ்டி, எச்டி இரண்டு சர்வீஸையும் சேர்த்து வைக்கலாம். சேனலைத் திருத்தும் பெட்டியில் "சர்வீசஸ்" என்ற இடத்தில் இரண்டையும் டிக் செய்யுங்கள். பிறகு ஸ்ட்ரீம் ப்ரொஃபைலில் "ப்ரிஃபர்டு சர்வீஸ் வீடியோ டைப்" என்பதை எச்டி என்று வையுங்கள். ட்யூனர் கிடைத்தால் எச்டி வரும். இரண்டு ட்யூனரும் பிஎஸ்பி1, காம்4 என்று போய்விட்ட நேரத்தில் பிபிசி ஒன் கேட்டால், ஏற்கெனவே பிஎஸ்பி1-இல் நிற்கும் ட்யூனரிலிருந்து எஸ்டி வந்துவிடும். படம் சற்று மங்கலாக இருக்கும், ஆனால் கறுப்புத் திரை வராது.

ஐடிவியின் +1, சேனல் 4-இன் +1 போன்றவையும் (அதே சேனல், ஒரு மணி நேரம் தள்ளி) கைகொடுக்கும். நெருக்கடி 9 மணிக்கு என்றால் அந்த நிகழ்ச்சியை +1 சேனலில் 10 மணிக்குப் பதிவு செய்யுங்கள். +1 வேறு மக்ஸில் இருக்கலாம், அதையும் தாளில் குறித்துவிட்டு முடிவெடுங்கள்.

#6 தேம்ஸ்கரை

நன்றி. எச்டிக்கு மாற்றிவிட்டேன். ஆனால் எல்லாத்துக்கும் எச்டி இல்லையே. காம்4-உம் காம்5-உம் ஒரேநேரம் வந்தால்? ரெக்கோர்டிங் எந்த நியாயத்தில் லைவைத் துரத்துது? திருப்பி லைவ் ரெக்கோர்டிங்கைத் துரத்தாதா?

#7 அலைவரிசை

நல்ல கேள்வி. டிவிஹெட்எண்டில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு எடை உண்டு. "ஸ்டேட்டஸ்" பக்கத்தில் "ஸ்ட்ரீம்" டேபைத் திறந்தால் ஒவ்வொரு ட்யூனர் எதிரிலும் "வெயிட்" என்று ஒரு எண் தெரியும். லைவ் ஓடும்போதும் ரெக்கார்டிங் ஓடும்போதும் அதைப் பாருங்கள், விஷயம் கண்ணெதிரே புரியும்.

ரெக்கார்டிங்கின் ப்ரையாரிட்டிக்கு ஏற்ப எடை: இம்பார்ட்டன்ட் 500, ஹை 400, நார்மல் 300, லோ 200, அன்-இம்பார்ட்டன்ட் 100. நீங்கள் எதையும் தொடாவிட்டால் ரெக்கார்டிங் நார்மல், அதாவது 300. லைவ் அதற்குக் கீழே. சேனல் ஸ்கேனும் இபிஜி (நிகழ்ச்சி அட்டவணை) சேகரிப்பும் அடிமட்டத்தில், ஒற்றை இலக்க எடையில்.

புதுக் கோரிக்கை வந்தால் அது தேடும் வரிசை இப்படி. அந்த மக்ஸில் ஏற்கெனவே நிற்கும் ட்யூனர் இருந்தால் அதிலேயே ஏறிக்கொள்ளும். இல்லாவிட்டால் சும்மா இருக்கும் ட்யூனர். அதுவும் இல்லாவிட்டால் தன்னைவிட எடை குறைந்த கோரிக்கை வைத்திருக்கும் ட்யூனரைப் பறிக்கும். எடை சமம் என்றால் பறிக்க முடியாது, முதலில் வந்தவருக்கே இடம். இதை மறக்க வேண்டாம். இரண்டு ட்யூனரிலும் நார்மல் தொடர்கள் ஓடிக்கொண்டிருக்க, வருடத்துக்கு ஒருமுறை வரும் படத்தையும் நார்மலிலேயே போட்டுவைத்தால், படம் "நோ ஃப்ரீ அடாப்டர்" என்று தோற்றுப்போகும். அதற்கு ஹை போட வேண்டும். வாரத்தில் மூன்று முறை மறுஒளிபரப்பாகும் தொடருக்கு லோ போதும்.

ஆட்டோரெக் (தானாகப் பதியும்) விதிகளில் "டூப்ளிகேட் ஹேண்ட்லிங்" வைக்காதவர்கள் தேவையில்லாமல் பாதி நெருக்கடியைத் தாங்களே உண்டாக்குகிறார்கள். எபிசோடு எண் வரும் சேனலுக்கு எபிசோடு எண் வேறாக இருந்தால் மட்டும் பதிவு, எண் வராத சேனலுக்கு விவரக்குறிப்பு வேறாக இருந்தால் மட்டும் பதிவு என்று வையுங்கள். அதே எபிசோடை நடுராத்திரியில் திரும்பப் பதிவதும், அதற்காக இன்னொரு ரெக்கார்டிங் ட்யூனர் இல்லாமல் நிற்பதும் தானாகக் குறையும்.

இபிஜி சேகரிப்பு ட்யூனரைப் பிடித்துக்கொள்கிறது என்று பலர் அதை அணைத்துவிடுகிறார்கள். தேவையில்லை. ஒரு மக்ஸில் அதிகபட்சம் 600 விநாடி நிற்கும் என்பது இயல்புநிலை, ஆனால் லைவோ ரெக்கார்டிங்கோ கேட்ட நொடி விட்டுக்கொடுத்துவிடும். அதை அணைத்தால் நேர மாற்றங்கள் வந்து சேராது, பிறகு பேடிங்கைக் கூட்டுவீர்கள், பேடிங் கூடினால் மோதல் கூடும்.

#8 அலைவரிசை

மேலே விட்டுப்போனது. இரண்டு ட்யூனருக்கும் முன்னுரிமையை எதிரெதிராக வையுங்கள். "கான்ஃபிகரேஷன்", "டிவிபி இன்புட்ஸ்", "டிவி அடாப்டர்ஸ்". ஒவ்வொரு ஃப்ரண்ட்எண்டிலும் "ப்ரையாரிட்டி", "ஸ்ட்ரீமிங் ப்ரையாரிட்டி" என இரண்டு எண்கள் உண்டு. முதலாவது எல்லாவற்றுக்கும், இரண்டாவது லைவுக்கு மட்டும். இரண்டாவதைப் பூஜ்யமாக விட்டால் முதலாவதையே லைவும் பின்பற்றும், அங்கேதான் சிக்கல்.

முதல் ட்யூனர்: ப்ரையாரிட்டி 10, ஸ்ட்ரீமிங் ப்ரையாரிட்டி 1.
இரண்டாம் ட்யூனர்: ப்ரையாரிட்டி 1, ஸ்ட்ரீமிங் ப்ரையாரிட்டி 10.

எண் பெரிதானால் முதலில் அதைத் தேடும். இனி ரெக்கார்டிங் முதல் ட்யூனரை நோக்கிப் போகும், லைவ் இரண்டாவதை நோக்கிப் போகும். ட்யூனர் எண்ணிக்கை இதனால் கூடாது, மூன்று மக்ஸ் தேவைப்படும் நேரத்தில் ஒருவர் விழத்தான் செய்வார். ஆனால் இரண்டு ட்யூனரும் ஒரே தரத்தில் இல்லாதபோது, நல்ல சிக்னல் வருவதை ரெக்கார்டிங்குக்கு ஒதுக்கிவிடலாம். லைவில் ஒரு நொடி படம் உடைந்தால் பொறுத்துக்கொள்வோம், பதிவில் உடைந்தது கடைசிவரை உடைந்ததுதான்.

#9 குறிஞ்சி

தேம்ஸ்கரை, கோடியின் டிவிஹெட்எண்ட் ஆட்-ஆன் செட்டிங்கில் "ப்ரெடிக்டிவ் ட்யூனிங்" இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சேனல் மாற்றம் வேகமாக இருக்க வேண்டும் என்பதற்காக, நீங்கள் பார்க்கும் சேனலுக்கு அடுத்ததையும் அது பின்னணியில் திறந்து வைக்கும். அடுத்த சேனல் வேறு மக்ஸில் இருந்தால் ஒருவர் பார்க்க இரண்டு ட்யூனர். 4 ட்யூனர் உள்ளவருக்கு அது வசதி. 2 ட்யூனர் உள்ளவர் அணைத்துவிடுவதே சரி.

அதேபோல் டைம்ஷிஃப்டில் லைவை நிறுத்திவைத்துவிட்டு எழுந்துபோனால், திரை அசையாவிட்டாலும் ட்யூனர் விடுபடாது. பார்த்து முடித்தால் ஸ்டாப் அழுத்திவிட்டுப் போகச் சொல்லுங்கள் வீட்டில்.

#10 தேம்ஸ்கரை

ஓம், இயக்கத்தில்தான் இருந்தது. அணைச்சாச்சு. ஸ்ட்ரீம் டேபில் இப்ப ஒரு வரிதான் தெரியுது, முன்னம் இரண்டு வரி தெரிந்ததன் காரணம் இப்பதான் விளங்குது.

#11 செம்பருத்தி

பேடிங் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நோயின் வேர் அங்கேதான். இரண்டு ரெக்கார்டிங் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு முறையும் நீங்கள் 7 நிமிடத்துக்கு ஒரு முழு ட்யூனரைக் காவு கொடுக்கிறீர்கள்.

ஃப்ரீவியூவில் ஒளிபரப்பாளர்கள் "இப்போது ஓடுவது, அடுத்து வருவது" என்ற தகவலை அலையோடு அனுப்புகிறார்கள். டிவிஹெட்எண்டின் டிவிஆர் (பதிவு) ப்ரொஃபைலில் "யூஸ் இபிஜி ரன்னிங் ஸ்டேட்" என்று ஒரு செட்டிங் இருக்கிறது. அதைப் போட்டால் கடிகாரத்தைப் பார்க்காமல் அந்தத் தகவலைப் பார்த்து ரெக்கார்டிங்கைத் தொடங்கி முடிக்கும். பேடிங் பெரிதாகத் தேவைப்படாது. ஆனால் அந்தச் சேனல் தகவலை ஒழுங்காக மாற்றினால்தான் இது பலிக்கும். தாமதமாக மாற்றும் சேனலில் தொடக்கம் வெட்டுப்படும்.

அதனால் மொத்தமாகப் போடாதீர்கள். சேனலைத் திருத்தும் பெட்டியிலும் இதே செட்டிங் தனியாக உண்டு. நேரம் தவறாத சேனல்களுக்கு மட்டும் அங்கே இயக்குங்கள், ஒரு வாரம் பதிவுகளின் தலையையும் வாலையும் பாருங்கள், பிறகு அடுத்த சேனல். மற்றவற்றுக்குப் பேடிங்கைச் சேனல்வாரியாகவே குறைக்கலாம், அதுவும் அதே பெட்டியில் இருக்கிறது. விளையாட்டு நேரலைக்குப் பின்னால் வரும் நிகழ்ச்சி என்றால் மட்டும் பின் பேடிங்கை அந்த ஒரு பதிவுக்குக் கூட்டுங்கள்.

#12 முகில்

டிவிஹெட்எண்டுக்குப் பதில் மித்டிவி என்ற பதிவு மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால், அங்கே கதை வேறு.

மித்டிவியின் ஷெட்யூலர் முன்கூட்டியே கணக்குப் போடும். மோதல் வந்தால், அதே எபிசோடு பிறகு எப்போதாவது மறுஒளிபரப்பாகிறதா என்று பார்த்து அங்கே நகர்த்தும். நகர்த்த வழியில்லாதபோதுதான் மோதல் என்று குறிக்கும். விதிகளுக்கு -99 முதல் 99 வரை ப்ரையாரிட்டி கொடுக்கலாம். மித்பேக்எண்ட் கட்டளையோடு "பிரிண்ட்ஷெட்" சேர்த்து ஓட்டினால் எந்தப் பதிவு எந்த இன்புட்டில் விழுகிறது என்று முழுப் பட்டியலும் வரும்.

பேடிங் இங்கே இரண்டு வகை. ஜெனரல் செட்டிங்கில் விநாடிக் கணக்கில் வைப்பது மென்மையானது: அடுத்தடுத்த இரண்டு பதிவுக்கு நடுவே இடம் இல்லாவிட்டால் அதைக் கைவிட்டுவிடும், ஷெட்யூலர் அதைக் கணக்கிலேயே எடுக்காது. ரெக்கார்டிங் விதிக்குள் நிமிடக் கணக்கில் வைக்கும் "ஸ்டார்ட் எர்லி", "எண்ட் லேட்" கடினமானது: நிகழ்ச்சியே அத்தனை நீளம் என்று எடுத்துக்கொண்டு மோதல் காட்டும். எல்லா விதியிலும் 5 நிமிடம் கடின பேடிங் வைத்துவிட்டு "மோதல் மோதல்" என்று வருந்துபவர்கள் அதை ஜெனரல் செட்டிங்குக்கு மாற்றினால் பாதி மோதல் மறையும்.

ஒரே மக்ஸில் பல பதிவு வேண்டுமானால் அந்தக் கார்டின் "மேக்ஸ் ரெக்கார்டிங்ஸ்" எண்ணைக் கூட்ட வேண்டும். அதை 1-இல் விட்டால் மக்ஸ் பங்கீடே நடக்காது. இன்புட்டுகளில் "ஷெட்யூல் ஆர்டர்", "லைவ் டிவி ஆர்டர்" என இரண்டு எண். முதலாவது 1, 2 என்றால் இரண்டாவதை 2, 1 என்று வையுங்கள். அலைவரிசை #8-இல் சொன்ன அதே ஏற்பாடுதான்.

நீங்கள் லைவ் பார்க்கும் ட்யூனரைப் பதிவு கேட்டால், மித்டிவி முன்னதாகவே திரையில் கேட்கும்: பதிவோடு சேர்த்துப் பார்க்கிறீர்களா, பதிவை ஓடவிட்டு மெனுவுக்குப் போகிறீர்களா, பதிவு வேண்டாமா என்று. பதில் சொல்லாவிட்டால் பதிவு தொடங்கிவிடும். வீட்டில் உள்ளவர்களுக்கு அந்தப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை சொல்லிவைப்பது நல்லது.

#13 வைகைக்கரை

மதுரையிலிருந்து கேட்கிறேன் அண்ணா. டிடி ஃப்ரீ டிஷ், 93.5 டிகிரி கிழக்கு, ஜிசாட்-15. செயற்கைக்கோளுக்கான டிவிபி-எஸ்2 இரட்டை ட்யூனர் கார்டு. டிஷ்ஷிலிருந்து ஒரே கேபிள் வருகிறது, ஸ்பிளிட்டர் போட்டு இரண்டு சாக்கெட்டிலும் கொடுத்திருக்கிறேன். ஒரு ட்யூனரில் ரெக்கார்டிங் ஓடும்போது அடுத்ததில் சில மக்ஸ் வருகிறது, சிலது வரவே இல்லை. சில நேரம் ஓடும் ரெக்கார்டிங்கும் கெட்டுவிடுகிறது. இதுவும் எடைப் பிரச்சினையா?

#14 அலைவரிசை

இல்லை தம்பி, இது கேபிள் பிரச்சினை. எந்த செட்டிங்கும் தீர்க்காது.

யூனிவர்சல் எல்.என்.பி. (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் பாகம்) ஒரு நேரத்தில் நான்கில் ஒரு பங்கைத்தான் கீழே அனுப்பும். ட்யூனர் 13 வோல்ட் கொடுத்தால் செங்குத்துப் போலரைசேஷன் (அலை அதிரும் திசை), 18 வோல்ட் கொடுத்தால் கிடைமட்டம். 22 கிலோஹெர்ட்ஸ் டோன் இல்லாவிட்டால் 11.7 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழ், இருந்தால் அதற்கு மேல். ஒரே கேபிளில் இரண்டு ட்யூனரை வெறும் ஸ்பிளிட்டரால் பிரித்தால், ஒன்று 13 கேட்க மற்றது 18 கேட்கும். எல்.என்.பி.க்கு 18 போய்ச் சேரும். 13-இல் பதிவாகிக்கொண்டிருந்தது அந்த நொடியே அறுந்துவிடும். இரண்டு ட்யூனரும் ஒரே பங்குக்குள் இருக்கும் மக்ஸ்களைக் கேட்கும்வரைதான் ஸ்பிளிட்டர் வேலை செய்வதுபோலத் தெரியும்.

சரியான வழி இரண்டு. ஒன்று, இரட்டை அல்லது நான்கு வாய் எல்.என்.பி. வாங்கி, ஒவ்வொரு ட்யூனருக்கும் டிஷ்ஷிலிருந்து தனிக் கேபிள் இழுப்பது. உங்கள் நிலைக்கு இதுவே மலிவு. இரண்டு, புதுக் கேபிள் இழுக்க முடியாத வீட்டில் யூனிகேபிள் எல்.என்.பி. EN 50494 தரத்தில் ஒரே கேபிளில் 8 ட்யூனர்வரை, EN 50607-இல் 32 வரை. ஒவ்வொரு ட்யூனருக்கும் கேபிளில் ஒரு தனி அலைவரிசை ஒதுக்கப்படும், உதாரணத்துக்கு 1210, 1420, 1680, 2040 மெகாஹெர்ட்ஸ் என்ற நால்வர் அமைப்பு பரவலாக உண்டு. எல்.என்.பி. மேல் அச்சிட்டிருக்கும் எண்ணையே டிவிஹெட்எண்டில் இடுங்கள். இரண்டு ட்யூனருக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டால் ஒன்று மற்றதைத் தள்ளிக்கொண்டே இருக்கும், பார்ப்பதற்கு அது ட்யூனர் மோதல் போலவே இருக்கும்.

கேபிள் மாற்றும்வரை, சாட்கான்ஃபிக் என்ற டிஷ் அமைப்பில் இரண்டாம் ட்யூனரை முதல் ட்யூனரோடு "மாஸ்டர்" என்று இணைத்து வையுங்கள். டிவிஹெட்எண்ட் அப்போது முதலாவது நிற்கும் பங்குக்குள் இருக்கும் மக்ஸை மட்டும் இரண்டாவதுக்குக் கொடுக்கும், ரெக்கார்டிங் கெடாது. உங்கள் மக்ஸ் பட்டியலில் போலரைசேஷன் பத்தியைப் பாருங்கள். எல்லாம் ஒரே பக்கமாக இருந்தால் இந்த ஏற்பாடே நிரந்தரமாகப் போதும்.

#15 வைகைக்கரை

புரிந்தது அண்ணா, நன்றி. முதலில் மாஸ்டர் இணைப்பு, மாத முடிவில் எல்.என்.பி.

#16 முகில்

எச்டிஹோம்ரன் போன்ற நெட்வொர்க் ட்யூனர் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பெட்டியிடம் நேரடியாக எச்டிடிபி முகவரியில் சேனல் கேட்டால் ஒவ்வொரு பார்வையாளருக்கும் ஒரு ட்யூனர் போகும், இருவரும் ஒரே மக்ஸ் என்றாலும். எல்லாம் நிரம்பியதும் 503 பதிலும், அதன் தலைப்பில் "805 ஆல் ட்யூனர்ஸ் இன் யூஸ்" என்றும் வரும். கோடி ஒரு பக்கம், கைபேசி ஒரு பக்கம், பதிவுச் சேவை ஒரு பக்கம் என்று எல்லாரும் பெட்டியிடமே போய் நின்றால் யாருக்கு முன்னுரிமை என்று தீர்மானிக்க நடுவில் ஆளில்லை. எல்லாரையும் டிவிஹெட்எண்ட் வழியாக வரச் செய்யுங்கள். அது பெட்டியை மக்ஸ் அளவில் ட்யூன் செய்து தேவையான சேனல்களை மட்டும் பிரித்துக்கொள்ளும், எடையும் வேலை செய்யும்.

அங்கே "ஃபுல் மக்ஸ்" செட்டிங்கைப் போடாதீர்கள். 100 மெகாபிட் போர்ட் உள்ள பெட்டியில் மூன்று ட்யூனர் 40.2 மெகாபிட் மக்ஸை முழுதாக அனுப்பினாலே 120 தாண்டிவிடும். படம் உடையும், மோதல் என்று நினைப்பீர்கள்.

#17 குறிஞ்சி

எனக்கு ஒரு கருத்து வேறுபாடு. எல்லோரும் ரெக்கார்டிங் ஜெயிக்க வேண்டும் என்றே பேசுகிறோம். கிரிக்கெட்டின் கடைசி ஓவரில் ஒரு தொடரின் மறுஒளிபரப்புக்காகத் திரை கறுத்துப்போவது சரியில்லை. சில நேரம் லைவ்தான் முக்கியம், ரெக்கார்டிங்கை நாளைக்கும் எடுக்கலாம்.

#18 அலைவரிசை

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் லைவை எப்போதும் மேலே வைப்பது ஆபத்து. யாரோ ஒருவர் சேனலை மாற்றிக்கொண்டே போனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பதிவு பலியாகும். இரண்டுக்கும் நடுவே ஒரு படி வைக்கலாம்.

ஸ்ட்ரீம் ப்ரொஃபைல் பக்கத்தில் லைவுக்கு ஓடுவதைப் போலவே புதிதாக ஒன்று உருவாக்குங்கள். "டிஃபால்ட் ப்ரையாரிட்டி" 350, "ஃபோர்ஸ் ப்ரையாரிட்டி"யை டிக் செய்யுங்கள். கோடி தானாக ஒரு எடையை அனுப்பும் என்பதால் டிக் இல்லாவிட்டால் 350 எடுபடாது. இதைக் கோடியில் ஒரு தனி பயனருக்கு மட்டும் கொடுங்கள். 350 என்பது நார்மல் 300-க்கு மேலே, ஹை 400-க்குக் கீழே. அந்தப் பயனர் பார்க்கும்போது சாதாரணத் தொடர்கள் வழிவிடும், நீங்கள் ஹை என்று குறித்தவை வழிவிடாது. தொலைந்தால் திரும்பக் கிடைக்காத பதிவுகளை ஹைக்கு உயர்த்திவிட்டுத்தான் இந்தப் ப்ரொஃபைலை இயக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. டிவிஆரும் ஒரு ஸ்ட்ரீம் ப்ரொஃபைலைத்தான் பயன்படுத்துகிறது. இருக்கும் பொதுப் ப்ரொஃபைலிலேயே ஃபோர்ஸ் டிக் போட்டுவிட்டால் லைவுக்கும் பதிவுக்கும் ஒரே எடையாகிவிடும், நீங்கள் போட்ட ஹை, லோ எல்லாம் வீண். புதிதாக உருவாக்குங்கள் என்று சொன்னது அதற்காகத்தான்.

கூடவே, அக்சஸ் என்ட்ரியில் ஒரு பயனர் எத்தனை ஸ்ட்ரீம் திறக்கலாம் என்று கட்டுப்படுத்தலாம். குழந்தைகள் டேப்லெட்டுக்குத் தனிப் பயனர், ஸ்ட்ரீம் வரம்பு 1.

#19 குறிஞ்சி

350 யோசனை நன்றாக இருக்கிறது. அப்படியே செய்கிறேன்.

#20 செம்பருத்தி

மோதல் போலத் தெரிந்து மோதலே அல்லாத இரண்டைச் சொல்லிவிடுகிறேன், வீணாக ட்யூனர் வாங்காமல் இருக்க.

ஒரு ட்யூனர் சும்மா நிற்கும்போதே "நோ ஃப்ரீ அடாப்டர்" வந்தால், அந்த ட்யூனரின் "நெட்வொர்க்ஸ்" கட்டத்தைப் பாருங்கள். ஃப்ரீவியூ நெட்வொர்க் அதில் டிக் ஆகியிருக்காது. பழைய டிவிபி-டி ட்யூனர் என்றால் பிஎஸ்பி3 அதில் எந்தக் காலத்திலும் வராது, அது டி2. அப்படிக் கலந்து வைத்திருப்பவர்கள் பழைய ட்யூனருக்கு ப்ரையாரிட்டியை உயர்த்தி வையுங்கள், எஸ்டி பதிவுகள் அதில் போய்விடும், டி2 ட்யூனர் எச்டிக்குக் காலியாக இருக்கும்.

அடுத்தது அன்டெனா ஸ்பிளிட்டர். இரண்டாகப் பிரிக்கும் சாதாரண ஸ்பிளிட்டர் ஒவ்வொரு பக்கத்திலும் 3.5 முதல் 4 டெசிபல் தின்னும். சிக்னல் விளிம்பில் இருந்தால் ஒரு ட்யூனரில் படம் உடையும். பதிவு முழு நீளம் இருக்கிறது, ஆனால் ஃபினிஷ்டு பட்டியலில் டேட்டா எரர் எண் ஏறியிருக்கிறது என்றால் சிக்னல் அல்லது மின்சாரம். பதிவு நடுவில் அறுந்திருந்தால்தான் மோதல். பை 4-இன் நான்கு யூஎஸ்பி வாய்க்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான். இரண்டு ட்யூனரோடு ஒரு ஹார்ட் டிஸ்க்கும் செருகினால், தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப் போட்டுவிடுங்கள்.

#21 தேம்ஸ்கரை

எல்லாம் செய்தாச்சு. பிபிசி ஒன் எச்டி, ப்ரெடிக்டிவ் நிறுத்தம், ப்ரையாரிட்டி 10/1, 1/10. பிபிசி சேனல்களுக்கு மட்டும் ரன்னிங் ஸ்டேட். சரியாக வேலை செய்யுதா என்று இரவு 9 மணிவரை காத்திருக்காமல் பார்க்க வழி இருக்கா?

#22 அலைவரிசை

இருக்கிறது. பேடிங்கைப் பூஜ்யமாக வைத்து, இபிஜியைத் தொடாமல், நேரம் கொடுத்துக் கைமுறைப் பதிவு மூன்று போடுங்கள்.

இன்னும் 5 நிமிடத்தில் தொடங்கி 4 நிமிடம் ஓடுவது: காம்4 சேனல், நார்மல்.
அதற்கு 1 நிமிடம் கழித்து: பிஎஸ்பி1 சேனல், நார்மல்.
இன்னொரு நிமிடம் கழித்து: பிஎஸ்பி2 சேனல், ஹை.

முதல் பதிவுக்கு முன்னாலேயே லைவில் ஐடிவி1 எச்டியைப் போட்டுவிட்டு, ஸ்ட்ரீம் டேபைத் திறந்து வையுங்கள். லைவ் இரண்டாம் ட்யூனரில் ஏறும், முதல் பதிவு முதல் ட்யூனரில். இரண்டாவது பதிவு தொடங்கும்போது லைவ் விழும். மூன்றாவது தொடங்கும்போது இரண்டு நார்மலில் ஒன்று விழுந்து 400 என்ற எடை தெரியும். வார்ம்-அப் உள்ளதால் ஒவ்வொன்றும் அரை நிமிடம் முன்னதாகவே நடக்கும்.

பிறகு அதே சோதனையை இரண்டாவது பதிவை பிஎஸ்பி3 சேனலுக்கு மாற்றிச் செய்யுங்கள். அப்போது லைவ் அசையக் கூடாது, இரண்டாம் ட்யூனர் வரியில் சப்ஸ்கிரிப்ஷன் எண்ணிக்கை 2 ஆக வேண்டும்.

#23 தேம்ஸ்கரை

இரண்டு சோதனையும் நீங்கள் எழுதின மாதிரியே. முதல் சோதனையில் மூன்றாவது பதிவு வந்த உடனே காம்4 பதிவு விழுந்தது. இரண்டாவது சோதனையில் லைவ் அசையேல்லை, எண்ணிக்கை 2.

கடைசியாக ஒன்று. என் பட்டியலில் வாரத்தில் இரண்டு இரவு காம்4, காம்5, பிஎஸ்பி3 மூன்றும் ஒரேநேரம் வருது. +1-உம் இல்லை.

#24 அலைவரிசை

அந்த இரண்டு இரவும் லைவையும் சேர்த்து உச்சத்தில் மூன்று மக்ஸ், சில நேரம் நான்கு. அப்படியென்றால் மூன்றாவது ட்யூனர் நியாயமான செலவு. டி2 வாங்குங்கள், வெறும் டிவிபி-டி வேண்டாம். ஸ்பிளிட்டரை மூன்றாக்காமல் நான்கு வாய் மாஸ்ட்ஹெட் ஆம்ப்ளிஃபையர் போடுங்கள், மூன்று ட்யூனரிலும் எஸ்என்ஆர் (சிக்னல் தரம்) ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்று ஸ்ட்ரீம் டேபில் ஒப்பிடுங்கள். ப்ரையாரிட்டி 10, 5, 1 என்றும், ஸ்ட்ரீமிங் ப்ரையாரிட்டி 1, 5, 10 என்றும் வையுங்கள்.